மிரர் உடைந்தால் முதலில் கிரியேட் கொடுக்காதீர்கள்

ரெய்டு 1, அதாவது ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கில் வைக்கும் மிரர், உடைந்துபோனால் என்ன செய்வது என்ற பேச்சில், "ரெய்டு 1 தானே, எம்டிஅட்ம்-ல் (லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் கருவி) கிரியேட் கட்டளையை மறுபடி கொடுத்தால் டேட்டா அப்படியே வந்துவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதைச் செய்ய வேண்டாம். கிரியேட் பழைய அமைப்பைத் திரும்ப எழுப்பாது, புதிய சூப்பர்பிளாக்கை (டிஸ்க்கில் ரெய்டு பற்றிய விவரங்கள் இருக்கும் பகுதி) எழுதும். டேட்டா தொடங்கும் இடம் எம்டிஅட்ம் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியது. அது மாறினால் ஃபைல் சிஸ்டமே கண்ணில் படாது.

அதைவிடப் பெரிய ஆபத்து ரீசிங்க், அதாவது ஒரு டிஸ்க்கில் இருப்பதை மற்றதன் மேல் எழுதி இரண்டையும் ஒன்றாக்குவது. இரண்டு டிஸ்க்கில் ஒன்று பல மாதங்களுக்கு முன்பே யாரும் கவனிக்காமல் கழன்றிருக்கலாம். அந்தப் பழைய பிரதியையே அசலாக எடுத்துக்கொண்டால், நல்ல டிஸ்க்கின் மேல் பழைய டேட்டா எழுதப்பட்டுவிடும். அப்புறம் எந்த மென்பொருளும் உதவாது.

முதலில் இரண்டு டிஸ்க்கிலும் எம்டிஅட்ம்-ன் எக்ஸாமின் (சூப்பர்பிளாக்கைப் படித்துக் காட்டுவது) கொடுத்து, ஈவென்ட்ஸ் எண்ணையும் (மாற்றங்களின் எண்ணிக்கை) அப்டேட் டைமையும் (கடைசியாக மாறிய நேரம்) ஒப்பிடுங்கள். எண் அதிகமாக இருப்பதுதான் கடைசிவரை ஓடிய டிஸ்க். அதைப் படிப்பதில் பிழை வந்தால், வேறு டிஸ்க்குக்கு டிடிரெஸ்க்யூ (பழுதான டிஸ்க்கைப் பிரதி எடுக்கும் கருவி) மூலம், எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைலோடு பிரதி எடுங்கள். இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மிச்ச வேலையெல்லாம் அந்தப் பிரதியில்தான். அதை மட்டும் வைத்து, எம்டிஅட்ம்-ல் அசெம்பிள் (இருக்கும் ரெய்டை எழுப்புவது), ரீட்ஒன்லி (படிக்க மட்டும்), ரன் (டிஸ்க் குறைந்தாலும் இயக்குவது) மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். மிரரில் ஒவ்வொரு டிஸ்க்கும் முழுப் பிரதி என்பதால் ஒன்றே போதும். மவுன்ட் ஆனதும் ஃபைல்களை வெளியே எடுத்துவிடுங்கள். ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்செக் இப்போது வேண்டாம், அதுவும் டிஸ்க்கில் எழுதும்.

டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் மட்டும் இது எதுவும் பொருந்தாது. உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மீட்பு ஆய்வகத்திடம் கொடுங்கள்.