சுங்கை பத்துவில் சோழர் கப்பல் எடுக்கப்படவில்லை

மலேசியாவின் கெடா மாநிலத்துத் தொல்லியல் தளமான சுங்கை பத்துவில் ராஜேந்திர சோழனின் கப்பலைத் தோண்டி எடுத்துவிட்டார்கள், படத்தில் இருப்பது அதன் மேல்தளம் என்று பக்கத்து ஊரான பீடோங்கின் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. அப்படி எந்தக் கப்பலும் எடுக்கப்படவில்லை.

படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள், பலகையா தெரிகிறது? வரிசையாக அடுக்கிய செங்கல்! பழைய படகுத்துறையின் மிச்சம் அது. செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருந்த மேடுகளை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் அகழ்ந்தபோது வெளிப்பட்டது, கூடவே இரும்பு உருக்கிய உலைகள், களிமண் ஊதுகுழாய்கள், கசடு. (அந்தப் படகுத்துறை இயங்கிய காலத்தில் கடல் இன்னும் உள்ளே வந்திருந்தது.) சோழர் படையெடுப்பு 1025இல் நடந்தது உண்மைதான், அதற்காகக் கிடைக்காததைக் கிடைத்ததாகச் சொல்ல வேண்டுமா? சந்தேகமிருந்தால் மெர்போக் அருங்காட்சியகத்தில் கேளுங்கள்.

அந்தத் தகவலில் "நீங்களும் தோண்டலாம்" என்ற கடைசி வரிதான் ஆபத்து. 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டப்படி அனுமதியின்றி அகழ்வது குற்றம். சரி, இனி இதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.