ருத்ரத்துக்குள்ளே குயவரும் தச்சரும் இருக்கிறார்கள்

வேதம் சொல்லும்போது ஸ்வரம், அதாவது குரலின் ஏற்ற இறக்கம், சரியாக வந்தால் போதும், அர்த்தம் தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று நம் பாலக்காட்டு அக்ரஹாரங்களில் ஒரு பேச்சு உண்டு. கல்பாத்தி, சாத்தபுரம், நூரணி, எந்தக் கிராமத்துக்குப் போனாலும் பெரியவர்கள் இதையே சொல்வார்கள். "அர்த்தமொக்கெ அப்பறம் பாத்துக்கலாம்டா, முதல்ல வாயில வரட்டும்." அந்த 'அப்பறம்' சஷ்டியப்தபூர்த்தி ஆனாலும் வருவதில்லை என்பதுதான் என் புகார்.

முதலில் ஓசை என்பதில் எனக்குச் சண்டை இல்லை. சந்தை சொல்லும்போது, அதாவது வேதப் பாடம் எடுக்கும்போது, வாத்தியார் ஒரு தடவை சொல்வார், நாம் இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் தாழ்ந்த ஸ்வரமான அனுதாத்தத்துக்குக் கீழே கோடு, உயர்ந்த ஸ்வரிதத்துக்கு மேலே கோடு, அதையே நீட்டிச் சொல்லும் தீர்க்க ஸ்வரிதத்துக்கு மேலே இரட்டைக் கோடு. நடுவில் நிற்கும் உதாத்தத்துக்குக் கோடே கிடையாது. இதெல்லாம் கண்ணால் பார்த்து வருகிற வித்தை இல்லை, காதில் ஏற வேண்டும். அதற்கு மேல் ஜடை, கனம். ஜடையில் அடுத்தடுத்து வரும் பதங்களை 1-2, 2-1, 1-2 என்று மடக்கிச் சொல்ல வேண்டும். கனத்தில் 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3. இப்படி முன்னும் பின்னும் போய் வரும்போது ஒரு எழுத்து நழுவினாலும் கூட இருப்பவர் பிடித்துவிடுவார். எழுதி வைக்காமல் இத்தனை தலைமுறை தாண்டி வந்ததற்குக் காரணம் இந்த ஏற்பாடுதான். 2003-ல் யுனெஸ்கோ வேத பாராயணத்தை மனிதகுலத்தின் வாய்மொழிச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்ததும் இதற்காகத்தான்.

நம் பாலக்காட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு கூத்தும் உண்டு. தமிழ் எழுத்தில் ஒரே 'க'தான். அதனால் தமிழ்ப் புத்தகத்தில் க-வுக்குத் தலையில் 2, 3, 4 என்று குட்டி எண் போட்டு அச்சடிப்பார்கள். எங்கள் பிள்ளைகள் மலையாளம் படித்தவர்கள், அந்த எழுத்தில் நாலு க-வும் தனித்தனியாக இருக்கிறது, அதனால் சிவனைத் துதிக்கும் வேதப் பகுதியான ருத்ரத்தை மலையாள எழுத்துப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறார்கள். ஆனால் அதே மலையாளம் வாயிலும் ஏறிவிடுகிறது. உத்ஸவத்தை 'உல்ஸவம்' என்று சொல்லிப் பழகிய நாக்கு, காயத்ரியில் 'தத் ஸவிதுர்' வரும் இடத்தில் 'தல் ஸவிதுர்' என்று போகும். நம்பூதிரிகள் ரிக்வேதம் சொல்லும்போது அது அவர்கள் பாடம், அதைக் குறை சொல்ல நாம் யார்? ஆனால் நம் யஜுர்வேதப் பாடமான தைத்திரீயத்தில் அப்படிச் சொன்னால் வாத்தியார் அங்கேயே நிறுத்துவார். மறுபடி சொல்லு. இன்னொரு தடவை. ஒரு 'த்' சரியாவதற்கு ஒரு சாயங்காலமே போகும்.

அந்த ஒரு 'த்'துக்குக் காட்டுகிற அக்கறையில் கால்வாசியாவது அந்த வரி என்ன சொல்கிறது என்பதற்குக் காட்டக் கூடாதா?

ருத்ரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தைத்திரீய சம்ஹிதையில் நாலாம் காண்டம், ஐந்தாம் பிரச்னம் (அத்தியாயம் மாதிரி), அதற்குள் பதினோரு அனுவாகம் (சின்னப் பிரிவு). பிரதோஷத்துக்குப் பிரதோஷம் சொல்கிறோம். நாலாம் அனுவாகத்தில் யாருக்கெல்லாம் 'நமோ' சொல்கிறோம் என்று உட்கார்ந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? தச்சருக்கு, தேர் செய்பவருக்கு, குயவருக்கு, கொல்லருக்கு, பறவை பிடிப்பவருக்கு, காட்டில் வாழும் நிஷாதருக்கு, வில்லும் அம்பும் செய்பவருக்கு, வேட்டைக்காரருக்கு, நாய் வளர்ப்பவருக்கு. கடைசியில் நாய்க்கே ஒரு நமஸ்காரம். மூன்றாம் அனுவாகத்தில் திருடர்களின் தலைவன், ஏமாற்றுகிறவன், வஞ்சிக்கிறவன் எல்லோரும் வருகிறார்கள். அத்தனை பேரும் அந்த ருத்ரன்தான் என்று நெய்யும் பாலும் விட்டு அபிஷேகம் பண்ணிக்கொண்டே சொல்கிறோம். இதே கல்பாத்தித் தெருவில், தீண்டாதார் என்று ஒதுக்கி வைத்திருந்த கேரளத்து ஈழவ ஜாதிக்காரர்கள் நடக்கக் கூடாது என்று 1924-ல் பெரிய தகராறு நடந்திருக்கிறது. அந்த வருஷமும் இந்தத் தெருவில் ருத்ரம் நிற்காமல் நடந்திருக்கும். ஸ்வரமும் சுத்தமாகத்தான் இருந்திருக்கும்.

முதல் அனுவாகத்திலும் ஒரு இடம் இருக்கிறது. நீலகண்டனாக, செக்கச் சிவந்து நகர்ந்து போகிறவனை மாடு மேய்ப்பவர்கள் பார்க்கிறார்கள், தண்ணீர் எடுத்து வரும் பெண்கள் பார்க்கிறார்கள் என்று வருகிறது. பெண்கள் ருத்ரம் சொல்லலாமா என்று கிராம சமூகத்தில், அதாவது அக்ரஹாரத்துச் சபையில், வாதம் வரும்போதெல்லாம் எனக்கு இந்த வரிதான் ஞாபகம் வரும். அவர்கள் பார்த்தாயிற்று, நாம்தான் இன்னும் தீர்மானம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ருத்ரத்தைத் தொடர்ந்து சொல்கிற சமகம் வேறு ரகம். ருத்ரத்தின் பயமெல்லாம் தீர்ந்து, 'எனக்கு இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும்' என்று கேட்கிற பகுதி. நாலாம் அனுவாகம் அப்படியே பலசரக்குக் கடைச் சீட்டுதான்: பால், நெய், தேன், நெல், உளுந்து, எள், பச்சைப்பயறு, கோதுமை, தினை, சாமை. அடுத்ததில் கல், மண், மணல், பொன், இரும்பு, ஈயம். எனக்குப் பிடித்தது மூன்றாம் அனுவாகத்தின் கடைசி. சுகமான போக்குவரத்து, நல்ல தூக்கம், நல்ல விடியல், நல்ல நாள். தூக்க மாத்திரை போட்டுக்கொள்கிற ஒரு மாமாவிடம் இதைச் சொன்னேன். "இத்தனை வருஷமா நான் தூக்கம் கேட்டுண்டிருக்கேனா?" என்று சிரித்தார்.

அர்த்தம் வேண்டாம் என்கிற கட்சி புதுசும் இல்லை. வேதச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் பழைய நூலான நிருக்தத்தில் அதன் ஆசிரியர் யாஸ்கர், கௌத்ஸர் என்பவரின் வாதத்தை எடுத்து வைக்கிறார்: மந்திரங்களுக்கு அர்த்தமே கிடையாது. அதற்கு யாஸ்கரின் பதில், குருடன் கம்பத்தைப் பார்க்கவில்லை என்றால் அது கம்பத்தின் குற்றமா? வேதத்தை ஓதிவிட்டு அர்த்தம் அறியாதவன் சுமை தாங்கி நிற்கிற கட்டைதான் என்ற கடுமையான சொல்லும் அங்கேயே இருக்கிறது. நம் காலத்தில் வேதச் சடங்குகளை ஆராய்ந்த ஃப்ரிட்ஸ் ஸ்டால் என்ற ஐரோப்பிய அறிஞர் ஏறக்குறைய கௌத்ஸர் பக்கம் நின்றார். 1975-ல் ஷொரணூர் பக்கத்துப் பாஞ்ஞாளில் நடந்த அதிராத்ரம் என்ற பெரிய யாகத்தை முழுக்கப் பதிவு செய்தவர் அவர். யாகத்தில் மந்திரம் வேலை செய்வது அர்த்தத்தால் இல்லை என்பது அவர் கட்சி. அவராவது இரண்டு பக்கமும் தெரிந்துகொண்டு அந்த முடிவுக்கு வந்தார். நாம் ஒரு பக்கம்கூடப் புரட்டாமலே வந்துவிட்டோம்.

உச்சரிப்பு இலக்கணம் சொல்லும் பாணினீய சிக்ஷையில், மட்டமாக வேதம் ஓதுகிறவர்கள் ஆறு பேர் என்று ஒரு சுலோகம் உண்டு. பாட்டாகப் பாடுகிறவன், அவசரமாக ஓட்டுகிறவன், தலையை ஆட்டுகிறவன், எழுதி வைத்துப் படிக்கிறவன், அர்த்தம் தெரியாதவன், குரல் எழாதவன். செல்போனில் பிடிஎஃப் திறந்து வைத்துக்கொண்டு தலையாட்டி அவசரமாக ஓட்டுகிற நம் கோஷ்டி ஒரே நேரத்தில் நாலு இடத்தைப் பிடித்துவிடும்.

இதைவிடப் பெரிய தொல்லை யூடியூப். இந்த மந்திரத்துக்கு இத்தனை ஹெர்ட்ஸ், மூளையில் இந்த அலை, கேட்டாலே பணவரவு. அர்த்தம் கேட்டால் சொல்லத் தெரியாது, அதனால் 'வைப்ரேஷன்' என்று ஒரு திரையைப் போட்டுவிடுகிறார்கள். அர்த்தம் வேண்டாம் என்று நாம் காலியாக விட்டு வைத்த இடத்தில்தான் இந்தக் கடை திறந்திருக்கிறது.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். ஒரு அனுவாகம் மனப்பாடம் ஆனவுடன் ஒரு சாயங்காலம் நிறுத்துங்கள். அதைப் பதம் பதமாகப் பிரித்துச் சொல்லிவிட்டு, வேதத்துக்குப் பாஷ்யம், அதாவது உரை, எழுதிய சாயணர் என்ன சொல்கிறார் என்று யாராவது படித்துக் காட்டட்டும், அதற்கு அப்புறம் அடுத்த அனுவாகம். ஒரே சிக்கல், ஸ்வரம் தெரிந்த வாத்தியாருக்குப் பாஷ்யம் படிக்க நேரமில்லை, ஒரு நாளில் மூன்று சிராத்தம், ஒரு கணபதி ஹோமம் என்று ஓடுகிறார். பாஷ்யம் படிக்கத் தெரிந்த சமஸ்கிருத டீச்சருக்கு ஸ்வரம் வராது. இரண்டு பேரையும் ஒரே திண்ணையில் உட்கார வைக்க வேண்டும். வாத்தியாருக்குச் சம்பாவனை கொடுக்கிறோம். டீச்சரை மட்டும் 'புண்ணியம் கிடைக்கும், வந்து சொல்லுங்கோ' என்று ஓசியில் கூப்பிடுகிறோம். அவருக்கும் பஸ் கூலி உண்டு, வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஐப்பசித் தேருக்கு வசூல் பண்ணும்போது இதற்கும் ஒரு தொகையை ஒதுக்குங்கள் என்று சமூகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் கையெழுத்து, தூக்கம் கேட்டுக்கொண்டிருந்த மாமாவுடையது.