ஏழு கன்னியர் மலையில் மோதிய விமானத்துக்கு இயந்திரக் கோளாறா?

"1974இல் ஏழு கன்னியர் மலையில் விமானம் விழுந்தது இயந்திரம் நின்றதால்தான். ஒரு இயந்திரம் நின்றாலே விமானம் கல்லு மாதிரி விழும்" என்று இலங்கையின் மஸ்கெலியாப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

டிசம்பர் 4 இரவு அந்த டிசி-8 விமானத்தின் நான்கு இயந்திரங்களில் எதுவும் விபத்துக்குக் காரணமில்லை. தாங்கள் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, விமானிகள் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். 191 உயிர்கள் போயின. பெரும்பாலோர் ஹஜ் பயணிகள். நோர்ட்டன் பிரிட்ஜ் என்ற ஊரில் அதன் டயர் ஒன்று இன்றும் நினைவாக நிற்கிறது. அந்த உயிர்களைப் பற்றிப் பேசும்போது காரணத்தையாவது சரியாகச் சொல்ல வேண்டாமா?

சரி, இயந்திரம் நின்றால்? மூக்கு ஒரு பக்கம் இழுக்கும். விமானி காலால் சுக்கான் மிதியை அழுத்தி நேராக்குவார். எந்த இயந்திரம் பழுது என்று இரு விமானிகளும் பார்த்து உறுதி செய்த பிறகே அதற்கு எரிபொருளை நிறுத்துவார்கள். மிச்ச இயந்திரத்தோடு பறந்துபோய் இறங்குவார்கள். 2001இல் இரண்டு இயந்திரங்களும் நின்ற ஏர் டிரான்சாட் விமானம்கூட காற்றில் மிதந்தே அட்லாண்டிக் கடலின் அசோர்ஸ் தீவில் இறங்கியது. 306 பேரும் பிழைத்தார்கள்.