அழகைக் கடைசியில் பூசிக்கொள்ள முடியாது

செயலிகளை உருவாக்குவது பற்றிய நேற்றைய கலந்துரையாடலை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள் என்பதால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. "முதலில் செயலி வேலை செய்யட்டும், அழகைக் கடைசியில் பூசிக்கொள்ளலாம்" என்று மேடையில் ஒருவர் சொன்னதும் அரங்கம் கைதட்டியதே, அதைப் பற்றி மட்டும் பேச வேண்டியிருக்கிறது.

வீடு கட்டி முடித்தபின் வெள்ளையடிப்பதைப் போன்றதல்ல திரை வடிவமைப்பு. எதை அழுத்தலாம், எது வெறும் எழுத்து, அழுத்தியது உள்ளே போய்ச் சேர்ந்ததா என்பதையெல்லாம் பயனருக்குச் சொல்வது உருவம்தான்: அளவு, இடைவெளி, நிற வேறுபாடு, அசைவு. இவற்றைக் கழித்துவிட்டு, "வேலை செய்கிறது" என்று யாரிடம் சொல்கிறீர்கள்? சர்வரிடமா?

முன்பு நான் பணியாற்றிய ஒரு திட்டத்தில், விண்ணப்பத்தை அனுப்பும் பொத்தானை அழுத்தியவுடன் அது சற்றே உள்ளடங்கி, நிறம் மங்கி, அதன் மேலுள்ள எழுத்து "அனுப்பப்படுகிறது" என்று மாறும்படி வரைந்து கொடுத்திருந்தேன். நேரமில்லை, இதெல்லாம் அலங்காரம் என்று அதை வெட்டினார்கள். அழுத்தியும் திரையில் ஒன்றும் அசையாததால் மக்கள் மறுபடி மறுபடி அழுத்தினார்கள்; ஒரே விண்ணப்பம் பல முறை பதிவானது. அதற்குக் கண்ட தீர்வு என்ன தெரியுமா? பொத்தானுக்குக் கீழே சிவப்பில் ஒரு வரி: "ஒருமுறை மட்டும் அழுத்தவும்." அலங்காரம் வேண்டாம் என்றவர்கள் சிவப்பு மையை மட்டும் தாராளமாகச் செலவழித்தார்கள்.

ஆய்வு எங்கே என்று கேட்பீர்கள். ஜப்பானிய நிறுவனமான ஹிட்டாச்சியின் வடிவமைப்பு மையத்தைச் சேர்ந்த குரோசுவும் காஷிமுராவும் 1995இல் ஏடிஎம் திரைக்கான 26 அமைப்புகளை 252 பேரிடம் காட்டினார்கள். அழகாகத் தோன்றியவையே பயன்படுத்த எளியவையாகவும் தோன்றின. இது எல்லாப் பண்பாட்டுக்கும் பொருந்தாது என்று எண்ணி இஸ்ரேலில் சோதித்துப் பார்த்த ஆய்வாளர் டிராக்டின்ஸ்கிக்கும் அந்தத் தொடர்பு வலுவாகவே கிடைத்தது. "அது வெறும் தோற்றம்தானே, உண்மையான எளிமை அல்லவே" என்பீர்கள். சரிதான். ஆனால் கடினம் என்று தோன்றிவிட்ட திரையை விட்டு ஒருவர் விலகிப் போனபின், அதன் உண்மையான எளிமையை யார் அனுபவிப்பது?

இன்னொரு வாதமும் வரும்: அழகின் பெயரால் பயன்பாட்டைக் கெடுத்தவர்களும் வடிவமைப்பாளர்கள்தானே என்று. ஆப்பிளின் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 7 வெளியான 2013ஆம் ஆண்டை எடுத்துக் காட்டுவீர்கள். பொத்தான்களின் எல்லைக்கோடுகளை அகற்றிவிட்டு, அடுத்த ஆண்டே 7.1 பதிப்பில் பொத்தான் வடிவங்களைக் காட்டும் தெரிவை செட்டிங்ஸ் பகுதிக்குள் சேர்த்தார்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்தை வைத்துவிட்டு நளினம் என்று பெயர் சூட்டுபவர்களையும் எனக்குத் தெரியும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு விகிதம் வேண்டும் என்று, பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் பயன்படுத்துவதற்கான இணைய அணுகல்தன்மை நெறிமுறை சொல்வதை அவர்கள் படித்ததில்லை. இவையெல்லாம் உருவத்தைப் பொருட்படுத்தாததன் விளைவுகள். என் கட்சிக்கே சாட்சி சொல்கின்றன. ஆடம்பரமே இல்லாத தளங்களும் வெற்றி பெற்றிருக்கின்றனவே என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. எளிமையும் ஓர் உருவமே, அதையும் யாரோ ஒருவர் தீர்மானித்தாக வேண்டும்.

உண்மையில் என்னை வருத்தியது அந்தச் சொற்றொடர்கூட அல்ல, அந்தக் கைதட்டல்தான். நிரலில் பிழை வந்தால் இரவெல்லாம் கூடிப் பேசுகிறவர்கள், பயனர் தடுமாறினால் மட்டும் "பழகிவிடுவார்கள்" என்று எழுந்து போகிறார்கள். திரைகள் எல்லாம் முடிவான பிறகு, வெளியீட்டுக்கு முந்தைய மாலையில், "கொஞ்சம் அழகுபடுத்திக் கொடுங்கள்" என்று ஒரு கோப்பு வந்து சேரும். மறுநாள் குறை வந்தால், வடிவமைப்பு சரியில்லை என்பார்கள்.

கைதட்டியவர்களில் சிலர் என் நட்புப் பட்டியலிலேயே இருக்கிறீர்கள். உங்களிடம் சண்டையில்லை. ஆனால் அப்படிப்பட்ட கோப்பை இனி எனக்கு அனுப்பாதீர்கள், திறக்க மாட்டேன்.