ஆயாவின் கதையை ஆங்கிலத்தில் எழுதினால் திருட்டா?

ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர்க் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். தன் முதல் ஆங்கில நாவலிலிருந்து இரண்டு பக்கம் வாசித்த பெண்ணைப் பார்த்து, "எங்க வாழ்க்கையைத் திருடி வெள்ளைக்காரனுக்கு விக்கிறியேம்மா" என்றார் ஒரு பெரியவர். அரங்கம் கைதட்டியது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

அவள் வடசென்னை வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவள். எழுதியிருப்பது அவளுடைய ஆயாவின் கதை. எந்த மொழியில் எழுதினாலும் அது அவள் கதைதான்.

தன்னுடையதல்லாத மொழியில் தன்னுடைய உணர்வைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று, ஆங்கிலத்தில் எழுதிய நாவலாசிரியர் ராஜா ராவ் 1938-லேயே தன் நாவலின் முன்னுரையில் எழுதிவிட்டார். அதேபோல் ஆங்கிலத்தில் எழுதிய ஆர்.கே. நாராயண் சென்னைப் புரசைவாக்கத்தில் வளர்ந்தவர். அவரை நம்ம ஊர்க்காரர் என்று பெருமையாகச் சொல்கிறோம். புரசைவாக்கத்துக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். இவள் எழுதினால் மட்டும் எப்படித் திருட்டாகிறது?

என் தாத்தாவுக்கு அறுபது வயது இருக்கும்போது பண்ணை வீட்டுப் பொடியன் அவரை "டேய்" என்று கூப்பிடுவான். தாத்தா "சொல்லுங்க சின்னையா" என்பார். இதை எழுத எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். அந்த 'டேய்' வந்ததும் கை நின்றுவிடும். கல்லூரியில் ஒருநாள் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன், முடிந்தது. அங்கே அவனுக்கும் தாத்தாவுக்கும் ஒரே 'யூ'தான். அந்தச் சமத்துவம் பொய் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் எழுதி முடிக்கும்வரை மூச்சு விட முடிந்தது. அப்புறம்தான் தமிழில் எழுத வந்தது.

"இட்லிக்கெல்லாம் விளக்கம் எழுதுகிறார்களே" என்பீர்கள். சரி, அது எனக்கும் எரிச்சல்தான். அப்படிப்பட்ட நாவல்களைப் பாதியில் மூடியிருக்கிறேன். ஆனால் இந்தப் பெண் 'ஆயா'வை ஆயாவாகவே விட்டிருந்தாள், ஒரு விளக்கமும் இல்லை. கவனித்தீர்களா? இந்திய மொழிகளில் எழுதப்பட்ட பெரும்பாலானவற்றைவிட ஆங்கில எழுத்தே வலுவானது என்று 1997-ல் ஆங்கில நாவலாசிரியர் சல்மான் ருஷ்டி எழுதியதில் எனக்கும் கோபம் உண்டு. இன்றுவரை தீரவில்லை. அதை ஏன் இவள் தலையில் கொட்ட வேண்டும்?

ஆங்கிலம் என்றதுமே, இங்கே ஆங்கிலக் கல்விக்கு வழிவகுத்த மெக்காலேவை இழுப்பவர்கள், உங்கள் பிள்ளைகள் எந்த மீடியத்தில் படிக்கிறார்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

கைதட்டியவர்களில் இரண்டு பேர் என் நண்பர்கள். அதுதான் அதிகம் வலிக்கிறது. நானும் எழுந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டம் முடிந்ததும் வாசலில் அவளிடம், "நீ வாசிச்ச அந்தக் குழாயடிச் சண்டை ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றேன்.

"கதையைப் பத்தி இப்பதான் சார் ஒருத்தர் பேசுறீங்க" என்றாள்.