பாறை வந்ததும் என்ன ஆச்சும்மா?

ஆடி மாதம் அம்மா ஊரிலிருந்து வந்து இரண்டு வாரம் எங்களோடு இருந்தார். ஒரு சாயங்காலம், தாத்தா கிணறு வெட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இருபது அடியிலேயே பாறை வந்துவிட்டதாம். நான் ‘ம்’ கொட்டியபடியே ஃபோனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது எதிரில் அம்மா இல்லை. அடுக்களையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எந்த இடத்தில் கதையை நிறுத்தினார், எப்போது எழுந்து போனார் என்று எனக்குத் தெரியவே இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று இரவு கணக்குப் பார்த்தேன். அந்த ஒரு நாளில் மட்டும் ஃபோனில் 5 மணி 40 நிமிடம்.

மனக்கட்டுப்பாடு இல்லாததுதான் காரணம் என்று இத்தனை நாள் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அதை முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் படித்தால் அது ஓரிடத்தில் முடியும். கீழே ‘அடுத்த பக்கம்’ என்று இருக்கும். அதை அழுத்தும் முன் ‘சரி, போதும்’ என்று எழுந்துவிட ஒரு நொடி கிடைக்கும். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் முறையை 2006இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கினார். அந்த ஒரு நொடி போய்விட்டது. பின்னாளில் அவரே இதற்காக வெளிப்படையாக வருந்தினார். ஃபேஸ்புக்கின் முதல் தலைவராக இருந்த ஷான் பார்க்கர், மனித மனத்தின் பலவீனத்தைத் தெரிந்தேதான் பயன்படுத்திக்கொண்டோம் என்று 2017இல் சொன்னார். இவ்வளவு யோசித்துச் செய்த ஒன்றை வெறும் வைராக்கியத்தால் வெல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

செயலிகளை அழித்துப் பார்த்தேன். மூன்றாம் நாளே திரும்ப ஏற்றிவிட்டேன். அப்புறம் சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்து அடுக்களை அலமாரியில் வைத்தேன். காலையில் எழ ஒரு அலாரம் கடிகாரம் வாங்கினேன். அழைப்பைத் தவிர மற்ற எல்லா அறிவிப்புகளையும் நிறுத்தினேன். முகநூல் இனி கணினியில் மட்டும். இதையும் அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

முதல் பத்து நாள் கொடுமை. பால் பொங்கக் காத்திருக்கும் இரண்டு நிமிடம், பேருந்து சிக்னலில் நிற்கும் நேரம், லிஃப்ட் வரும்வரை என்று கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். காரணமே இல்லாமல் வீட்டில் எரிந்து விழுந்தேன். பழக்கம் எவ்வளவு ஆழத்துக்குப் போயிருக்கிறது என்று அந்த எரிச்சலில்தான் புரிந்தது. குறைக்க நினைத்தும் முடியவில்லை, தூக்கம் கெடுகிறது, எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதை வீட்டில் மறைக்கிறோம் என்றால் யாரிடமாவது பேசிவிடுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014இலிருந்தே இதற்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அங்கே போவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

இப்போது ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. சில நாள் கூடிவிடுகிறது.

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஃபோனை உள்ளே வைத்துவிட்டுத் திண்ணையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். “பாறை வந்ததும் என்ன ஆச்சும்மா?” என்று கேட்டேன். அம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, கிணற்றுக்கு இடம் பார்த்த நாளிலிருந்து தொடங்கினார்.