கறுப்பி கூப்பிட்டாள், நான் கதவைச் சாத்தினேன்

"நாய் ஆளுக்கு விசுவாசம், பூனை வீட்டுக்கு விசுவாசம்" என்று கேட்டு வளர்ந்தவள் நான். இப்போது அதைச் சொன்ன அதே ஆட்கள் வேறு பாட்டுப் பாடுகிறார்கள். வாய்க்காலுக்குள் விழுந்த குட்டியைக் காப்பாற்ற இன்னொரு பூனை ஆளைக் கூட்டிக்கொண்டு வந்ததாம் என்று ஒரு வீடியோ வந்தால் போதும், கீழே நூறு பேர் கண்ணீர் விடுகிறார்கள். எனக்கு இரண்டு கதையிலும் நம்பிக்கை இல்லை. எங்கள் வீட்டில் மூன்று பூனைகள். ஒன்று சாகக் கிடந்தபோது மற்ற இரண்டும் என்ன செய்தன என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். பார்த்தேன் என்று சொல்வதும் பிழைதான், பாதியைப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

முதலில் ஆட்களைச் சொல்கிறேன். கொழும்பு வெள்ளவத்தையில் நாலாம் மாடி, நானும் அம்மாவும் மூன்று பூனைகளும். கொத்து, காலி வீதியில் ஒரு கொத்துரொட்டிக் கடைக்குப் பின்னால் கிடைத்தவன். கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாக உண்மையிலேயே கொத்திப் போட்ட மாதிரித்தான் இருப்பான். கறுப்பிக்கு விளக்கம் தேவையில்லை. சம்பல் செம்மஞ்சள் கடுவன், ஃபிரிட்ஜுக்கு மேலே படுப்பதைத் தொழிலாகக் கொண்டவன். மூன்றுக்கும் கருத்தடை ஒப்பரேஷன் செய்தாயிற்று. கொத்தும் கறுப்பியும் ஒரே கதிரையில் ஒன்றின் மேல் ஒன்று படுத்து நித்திரை கொள்ளும். சம்பல் யாருடனும் சேரமாட்டான், யாருடனும் சண்டைக்கும் போகமாட்டான்.

அன்று சனிக்கிழமை இரவு. கொத்து மணல் பெட்டிக்குள் போய்க் குந்தினான், வெளியே வந்தான், திரும்பவும் போனான். கறுப்பி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் எழும்பும் ஒவ்வொரு முறையும் அவன் பின்பக்கத்தை மணந்து பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து கத்தினாள். சாப்பாட்டுக்குக் கத்தும் சத்தம் எனக்குத் தெரியும், அது குட்டையாக, அதிகாரமாக வரும். இது இழுத்து இழுத்து, அடித்தொண்டையிலிருந்து வந்தது. கட்டிலுக்கு வருவாள், கத்துவாள், மணல் பெட்டிக்கு ஓடுவாள், திரும்ப வருவாள். அடுத்த நாள் விடிய எழும்ப வேண்டும் என்ற எரிச்சலில் அவளைத் தூக்கிக் குசினிக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிட்டதாக நினைக்குமாம். எங்கள் வீட்டில் அன்றைக்குக் கண்ணை மூடியது பூனை இல்லை.

காலையில் கொத்து காஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தான். ஒருமுறை சத்தி எடுத்திருந்தான். அம்மா, "வயித்துக்குத்தாயிருக்கும், அரைப் பனடோல் கரைச்சுக் குடுப்பமோ?" என்றார். இதை வாசிக்கிற பூனைக்காரர் எல்லோரும் தயவுசெய்து கவனியுங்கள்: பூனைக்குப் பனடோல் விஷம். அதிலுள்ள பரசிட்டமோலைச் சிதைத்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலுக்கு மிகவும் குறைவு. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போய்விடும். ஒரு குளிசையே ஒரு பூனைக்குப் போதும். நல்லவேளை, அந்த ஒன்றை மட்டும் நான் எங்கோ வாசித்திருந்தேன்.

உடுப்புக் கூடையில் வைத்து, மேலே பெட்சீட்டைக் கட்டி, த்ரீவீலில் ஏற்றினேன். "பூஸாவா மிஸ்? அனே, பவ்" என்று சிங்களத்தில் பாவப்பட்டுச் சாரதி குழி பார்த்து மெதுவாக ஓட்டினார். கூடைக்குள் கொத்து 'குர்ர்' என்று கொண்டிருந்தான். ஆறுதலாக இருக்கிறான் என்று நினைத்தேன். பூனை சுகத்தில் மட்டுமில்லை, கடும் வலியிலும் அப்படித்தான் குறுகுறுக்கும் என்று டொக்டர் பிறகு சொன்னார். வயிற்றை ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டு, "சலப்பை தோடம்பழம் மாதிரி இருக்கு" என்றார். சலம் போகும் வழி அடைத்துவிட்டது. கடுவன் பூனைகளுக்கு அந்தக் குழாய் ஒடுக்கம், சின்னக் கல்லோ சளி போன்ற ஒரு கட்டியோ போதும். சலம் தேங்கினால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தை நிறுத்திவிடும், ஒன்றிரண்டு நாளில் ஆள் முடிந்துவிடும். "எப்ப தொடக்கம்?" என்று கேட்டார். நேற்று இரவு என்று சொல்லும்போது கறுப்பியின் சத்தம் என் காதுக்குள் கேட்டது.

அவள் என்னிடம் உதவி கேட்டாளா? கேட்டாள் என்று எழுதினால் இந்தப் பதிவுக்கு இன்னும் நிறைய இதயங்கள் விழும். ஆனால் எனக்கு அப்படித் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்று: கொத்தின் மணம் மாறிவிட்டது, அவன் நடத்தை மாறிவிட்டது, வீட்டின் ஒழுங்கு குலைந்துவிட்டது. அது அவளுக்கு அந்தரமாக இருந்தது, கத்தினாள். என்னைப் பார்த்துக் கத்தியதற்குக் காரணம், அந்த வீட்டில் கத்தினால் எழும்புகிற ஒரே பிராணி நான்தான். இப்படிச் சொல்வதால் அவள் மதிப்புக் குறைவதாக நான் நினைக்கவில்லை. மனிதக் கண்ணுக்கு எதுவும் தெரியாத நேரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டதே.

சம்பல் என்ன செய்தான்? ஃபிரிட்ஜுக்கு மேலே நித்திரை.

2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் ஓர் இரவும் இதே கதைதான். முழு ஒழுங்கையும் இருட்டு, கீழே குப்பைத்தொட்டிப் பக்கம் ஒரு குட்டி கீச்சிட்டது. கறுப்பி பல்கனிக் கம்பிக்குள் தலையை விட்டு எட்டி எட்டிப் பார்க்கிறாள், விழுந்துவிடுவாளோ என்று நான் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். (அடுத்த கிழமையே வலை அடித்தோம்.) சம்பல் ஒரு காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டுத் திரும்பப் படுத்தான். ஜெர்மனியின் ஹனோவரில் 2016 இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. குட்டிகளின் இரண்டு வகை அழுகையைப் பெரிய பூனைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள், ஒன்று கொஞ்சம் அந்தரப்பட்ட அழுகை, மற்றது மிகவும் அந்தரப்பட்டது. பெட்டைப் பூனைகள் இரண்டாவதற்குக் கூடிய வேகத்தில் திரும்பின. கடுவன்களுக்கு இரண்டும் ஒன்றுதான். சம்பலுக்கு இதை வக்காலத்தாகக் கொடுக்கலாம் என்று பார்த்தேன், ஆனால் அவன் கடுவன் என்பதால் எழும்பவில்லையா, சம்பல் என்பதால் எழும்பவில்லையா என்று யார் சொல்வது?

சரி, கொத்துக்கு வருவோம். குழாய் போட்டு, சேலைன் ஏற்றி, இரண்டு இரவு அங்கேயே வைத்திருந்தார்கள். வீட்டில் கறுப்பி கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குப் பின்னால், காஸ் சிலிண்டர் இடுக்கில் என்று தேடித் திரிந்தாள். சூடை மீன் அவித்து வைத்தால் முகர்ந்துவிட்டுப் போனாள். அம்மா போனில் சின்னம்மாவிடம், "கொத்துவை நாளைக்கு விடுவினமாம்" என்று கதைக்கும்போது கறுப்பி தலையைத் தூக்கி வாசல் கதவைப் பார்த்தாள். தற்செயல் என்றுதான் நான் சொல்லியிருப்பேன். ஆனால் கியோட்டோ பல்கலைக்கழகத்தினர் 2022 இல் வெளியிட்ட ஆய்வை வாசித்த பிறகு அவ்வளவு அடித்துச் சொல்ல முடியவில்லை. வீட்டுப் பூனைக்குக் கூட இருக்கும் பூனையின் பெயரைக் கேட்கவைத்துவிட்டுத் திரையில் ஒரு பூனையின் முகத்தைக் காட்டினார்கள். பெயரும் முகமும் பொருந்தாதபோது அது கூடிய நேரம் திரையைப் பார்த்ததாம். ஏதோ பிழை என்று அதற்குப் பட்டிருக்கிறது. ஆட்கள் வந்து போகும் பூனைக் கஃபேக்களில் வாழும் பூனைகளிடம் அது தெரியவில்லை.

சாப்பிடாமல் கிடந்ததைத் துக்கம் என்பதா? 2024 இல் அமெரிக்காவின் மிச்சிகனில் செய்த ஓர் ஆய்வில், கூட வாழ்ந்த பிராணியை இழந்த 450 அளவிலான பூனைகளைப் பற்றி அவற்றின் வீட்டுக்காரர்களிடம் விசாரித்தார்கள். சாப்பாடும் நித்திரையும் விளையாட்டும் குறைந்ததாகப் பலர் சொன்னார்கள். ஆனால் ஆய்வாளர்களே ஒன்றையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள்: சொன்னது மனிதர்கள், தங்கள் துக்கத்தைப் பூனை மேல் ஏற்றியும் சொல்லியிருக்கலாம். அந்த இரண்டு நாளும் நானும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கறுப்பி என்னைப் பற்றி என்ன நினைத்தாளோ.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கொத்து வீட்டுக்கு வந்தான். முன்னங்காலில் ஊசி ஏற்றிய இடத்தில் மயிர் மழித்து, ரோஸ் நிறத் தோல் தெரிந்தது. கூடையை ஹோலில் வைத்துப் பெட்சீட்டை அவிழ்த்தேன். அம்மா போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆயத்தமாக நின்றார், மீள்சந்திப்பு அல்லவா. கறுப்பி ஓடி வந்தாள். ஓரடி தூரத்தில் நின்று மூக்கை நீட்டினாள். அடுத்த கணம் வால் போத்தல் கழுவும் பிரஷ் மாதிரிப் பொங்க, காது இரண்டும் தலையோடு ஒட்ட, சீறிக்கொண்டு அவன் முகத்தில் இரண்டு அறை விட்டாள். அவன் நடக்கவே தெம்பில்லாதவன், கதிரைக்குக் கீழே விழுந்தடித்துப் போனான். அங்கேயும் விடாமல் துரத்தினாள்.

அம்மாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "இவ்வளவு நாளும் அவனுக்காக அழுத மாதிரி நடிச்சனியேடி, துரோகி!" என்று செருப்பைத் தூக்கிவிட்டார். கீழ் மாடி அன்ரி சத்தம் கேட்டு ஏறி வந்து, "பூனைச் சாதி அப்பிடித்தான் பிள்ளை, நோயாளியைக் கண்டால் கலைக்கும்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு இந்தத் தீர்ப்பில்தான் சண்டை. சனிக்கிழமை கத்தியவளும் செவ்வாய்க்கிழமை அடித்தவளும் ஒரே கறுப்பிதான், இரண்டு தரமும் அவள் நம்பியது மூக்கை. ஒன்றாக வாழும் பூனைகள் கன்னத்தாலும் விலாவாலும் உரசி உரசி, நக்கி நக்கித் தங்களுக்குள் ஒரு பொது மணத்தை உண்டாக்கி வைத்திருக்கின்றன. அதுதான் அந்த வீட்டின் அடையாள அட்டை. கொத்து வந்தது ஸ்பிரிட் மணத்தோடும், வேறு நாய் பூனைகளின் மணத்தோடும், தன் சொந்தப் பயத்தின் மணத்தோடும். கறுப்பியைப் பொறுத்தவரை ஒரு அந்நியன் கொத்தின் உருவத்தில் வீட்டுக்குள் வந்துவிட்டான். நாங்கள் கண்ணால் ஆளைப் பிடிக்கிறவர்கள் என்பதால் இது துரோகமாகத் தெரிகிறது. மிருக வைத்தியத்தில் இதற்கென்று தனிப் பெயரே இருக்கும் அளவுக்கு இது வழமையான விஷயம். இரண்டு நாள் வைத்திருந்து, பில்லும் தந்து அனுப்பியவர்கள் "கொஞ்ச நாள் தனி அறையில் வையுங்கோ" என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிரித்துவிடும்போது கையை வைத்துவிட்டேன், மணிக்கட்டில் கறுப்பியின் பல் இறங்கியது. அது கொத்துவுக்கு வைத்த கடி, நடுவில் நான் போனேன், அவ்வளவுதான். செய்ய வேண்டியது தடித்த துவாயை மேலே போடுவது, இல்லாவிட்டால் சட்டிமூடியால் பெரிய சத்தம் போடுவது. கை மட்டும் போகக்கூடாது. சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். தன் வீட்டுப் பூனைதானே என்று இருந்துவிடாதீர்கள். நீர்வெறுப்பு நோய் நாயோடு மட்டும் நிற்கும் நோயில்லை, பூனைக்கடியின் கிருமி கையை வீங்கவைக்கவும் நேரமெடுக்காது.

அதற்குப் பிறகு கொத்தை என் அறைக்குள் விட்டு, வெளியே கறுப்பியை வைத்தேன். என் பழைய சாரம் ஒன்றை (ஓம், வீட்டில் நான் சாரம்தான் கட்டுவேன்) கறுப்பியின் கன்னத்தில் தேய்த்துக் கொத்தின் படுக்கையில் போட்டேன், அவன் படுத்த துண்டை அவள் கதிரையில் போட்டேன். முதல் நாள் அந்தத் துண்டைப் பார்த்தே சீறினாள். இரண்டாம் நாள் மணந்துவிட்டு விலகிப் போனாள். மூன்றாம் நாள் அதன் மேல் படுத்தாள். கதவுக்கு இந்தப்பக்கம் ஒரு கோப்பை, அந்தப்பக்கம் ஒரு கோப்பை என்று மீன் வைத்தோம். அம்மா இரண்டு தரம், "முகத்தோட முகம் பிடிச்சு வைச்சால் சரியாப் போகும்" என்று வந்தார், நான் விடவில்லை. ஐந்தாம் நாள் கதவைக் கொஞ்சம் திறந்தேன். கறுப்பி உள்ளே வந்து, மழித்த முன்னங்காலை நீண்ட நேரம் மணந்து, பிறகு நக்கத் தொடங்கினாள். நடுவில் என்ன நினைத்தாளோ, தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, திரும்பவும் நக்கினாள். சம்பல் அப்போதுதான் அறை வாசலில் வந்து நின்று கொட்டாவி விட்டான்.

இப்போது கொத்துக்கு ஈரச் சாப்பாடுதான் கூட, வீட்டில் நாலு இடத்தில் தண்ணீர்க் கோப்பை, எனக்குக் கால் தடுக்கும் அளவுக்கு. கறுப்பியின் அந்த இழுத்த சத்தம் கேட்டால் நான் மணி பார்ப்பதில்லை. நேற்று இரவு இரண்டு மணிக்கு மணல் பெட்டிப் பக்கமிருந்து அதே சத்தம். கதிரையில் முழங்காலை இடித்துக்கொண்டு ஓடினேன், லைட்டைப் போட்டேன், கொத்தின் வயிற்றை அமுக்கிப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது. கறுப்பி பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மணல் மாற்றி மூன்று நாள் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் வாளியோடு நின்று மாற்றிக் கொடுத்தேன். முதல் ஆளாக உள்ளே இறங்கியது அவள்தான்.